பந்து வருமுன் கால் தயார்: மூன்று புள்ளி ஷூட்டராக விரும்புபவர்களுக்கு

மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று 100 ஷாட் போட்டு 34 விழுந்தால் 102 புள்ளி. கோட்டுக்கு உள்ளே நின்று அதே 102 எடுக்க 100-க்கு 51 விழ வேண்டும். இன்றைய கூடைப்பந்து இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. 1979-80 பருவத்தில் இந்தக் கோட்டைக் கொண்டுவந்தது. உலகக் கூட்டமைப்பான ஃபீபா 1984-ல் ஏற்றுக்கொண்டது. ஆரம்ப வருடங்களில் பெரும்பாலான அணிகள் அதை அவசரத்துக்கு மட்டும் எடுத்தன. 2015-16 பருவத்தில் என்.பி.ஏ. வீரர் ஸ்டெஃபன் கர்ரி ஒருவரே 402 மூன்று புள்ளி ஷாட் போட்டார். அவருக்கு முன் எவரும் ஒரு பருவத்தில் 400-ஐத் தொட்டதில்லை.

தூரத்திலிருந்து எறியும் பலம் மட்டும் ஒருவரை ஷூட்டர் ஆக்கிவிடாது. ஓடி வந்து மூச்சு வாங்கும் நேரத்தில், எதிரே ஒரு கை நீண்டு வரும்போது, பந்து கைக்கு வந்த ஒரு நொடிக்குள் எப்போதும் போடும் அதே ஷாட்டைப் போடத் தெரிந்தவரே ஷூட்டர். அந்த ஒரு நொடியில் எதையும் சரிசெய்ய அவகாசம் இல்லை. எனவே வேலையில் பெரும்பங்கு பந்து வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: கால், முழங்கால், கை, நிற்கும் இடம் எல்லாம்.

முதலில் டேப் எடுத்து அளந்துவிடுங்கள்

ஃபீபா விதிப்படி கோடு, கூடையின் நடுப்புள்ளிக்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்து 6.75 மீட்டர். மைதானத்தின் மூலையான கார்னரில் கோடு வளையாமல் நேராக ஓடுவதால் அங்கே 6.60 மீட்டர்தான். 2010 வரை இது 6.25 ஆக இருந்தது. பழைய மைதானங்களில் அந்தப் பழைய கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு உண்டு. அரை மீட்டர் கிட்டத்தில் மாதக்கணக்கில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போனால், ஷாட் எல்லாம் கூடையின் வளையமான ரிம்மின் முன்விளிம்பில் இடிக்கும். ஏன் என்றே புரியாது.

அளப்பது எளிது. கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான எண்ட் லைனின் உள்விளிம்பிலிருந்து மைதானத்துக்குள் 1.575 மீட்டர் வந்தால் கூடையின் நடுவுக்கு நேர்கீழ் இருப்பீர்கள். அங்கே டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு 6.75 மீட்டர் நீட்டினால், கோட்டின் வெளிவிளிம்பு அந்த இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாக்பீஸால் சரியான கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ரிம்மின் உயரம் 3.05 மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தரையை மேலே மேலே பூசிய இடங்களில் குறைந்திருக்கலாம். டிவியில் பார்க்கும் என்.பி.ஏ. கோடு 7.24 மீட்டர், கார்னரில் 6.70. அதைப் பார்த்து அவ்வளவு தூரத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

ஆண்களுக்கு 7-ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6, பன்னிரண்டு வயதுக்குக் கீழே 5. ரிம்மில் நெட் கட்டாயம் இருக்கட்டும். நெட் இல்லாத ரிம்மில் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது. ஷாட் நடுவில் விழுந்ததா, பின்விளிம்பை உரசியதா என்பதும் தெரியாது.

எவ்வளவு உயரமாகப் போட வேண்டும்

ரிம்மின் உள்விட்டம் 45 செ.மீ., 7-ஆம் எண் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. இரண்டு பந்து நுழையும் போலத் தோன்றும். ஆனால் நேர்மேலிருந்து விழும் பந்துக்குத்தான் அந்த 45 செ.மீ. முழுதாகக் கிடைக்கும். 45 டிகிரியில் இறங்கும் பந்துக்கு வாய் சுமார் 32 செ.மீ.; 35 டிகிரிக்கு 26-க்கும் குறைவு; 30 டிகிரியில் பந்தின் விட்டத்தைவிடச் சின்னது, ரிம்மில் இடிக்காமல் நுழையவே முடியாது. தட்டையாகப் போடுபவரின் ஷாட் ‘கிட்டத்தட்ட விழுந்தது’ என்றே ஆட்டம் முழுக்கப் போவதற்குக் காரணம் இதுதான்.

45 டிகிரியில் இறங்க வேண்டுமென்றால் அதைவிடச் செங்குத்தாகக் கையை விட்டுப் போக வேண்டும், ஏனென்றால் ரிம் கையைவிட உயரத்தில் இருக்கிறது. 2.2 மீட்டர் உயரத்தில் பந்தை விடும் ஒருவர் 6.75 மீட்டரிலிருந்து சுமார் 52 டிகிரியில் போட்டால் பந்து 46 டிகிரியில் இறங்கும். பறக்கும் பாதையின் உச்சி தரையிலிருந்து 4.6 மீட்டர், அதாவது ரிம்முக்கு ஒன்றரை மீட்டர் மேலே. பக்கவாட்டில் நின்று ஒருவர் மொபைலில் படம் பிடித்தால் இதை உடனே பார்த்துவிடலாம். ரிம் மாட்டியிருக்கும் பலகையான போர்டின் உயரம் 1.05 மீட்டர், அதன் கீழ்விளிம்பு ரிம்முக்கு 15 செ.மீ. கீழே. உங்கள் பந்தின் உச்சி போர்டின் மேல்விளிம்பைவிடச் சுமார் 65 செ.மீ. மேலே போக வேண்டும். மேல்விளிம்பையே தொடவில்லை என்றால் ஷாட் தட்டை.

இன்னும் உயர்த்தினால் இன்னும் நல்லதா? இல்லை. கோணம் கூடக்கூடப் பந்துக்கு வேகம் அதிகம் தேவைப்படும், வேகம் கூடினால் தூரம் தவறும்.

காலிலிருந்து விரல்நுனி வரை

கால்கள் தோள் அகலத்தில். வலது கைக்காரர் என்றால் வலது கால் அரைப் பாதம் முன்னால். இரண்டு கால்விரல்களும் ரிம்முக்கு நேராக இருந்தே ஆக வேண்டும் என்று பழைய கோச்சுகள் வற்புறுத்துவார்கள். நல்ல ஷூட்டர்களைக் கவனித்தால் பலரின் பாதம் சற்று இடப்புறம் திரும்பியிருக்கும். அப்படி நின்றால் வலது தோள், முழங்கை, ரிம் மூன்றும் இறுக்கமில்லாமல் ஒரே கோட்டில் வரும். எவ்வளவு திருப்புவது என்பதை உங்கள் தோள் சொல்லட்டும். ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே அளவு திரும்ப வேண்டும்.

முழங்கால் மடங்குவது பந்து வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன். இதை ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாலே பலருக்கு அரை நொடி மிச்சமாகும். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, எடையை முன்பாதத்தில் வைத்து, விரல்களை விரித்து நெஞ்சுக்கு முன்னால் காட்டுங்கள். பாஸ் கொடுப்பவருக்கு அந்தக் கைதான் குறி. நேராக நிமிர்ந்து நின்று பந்தைப் பிடித்து, பிறகு குனிந்து, பிறகு எழும்புபவருக்கு மூன்று வேலை. குனிந்து காத்திருப்பவருக்கு ஒரே வேலை.

பிடிப்பதில் இரண்டு முறை. பந்து காற்றில் வரும்போதே சின்னதாகத் துள்ளி, பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றுவது ஹாப். இடது, வலது என்று ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது ஒன்-டூ. நின்ற இடத்திலோ சிறிய நகர்விலோ ஹாப் வேகமானது. இரண்டு காலும் ஒன்றாக விழுவதால் எந்தக் காலையும் பிவட் (ஊன்றியபடி சுழலும் கால்) ஆக்கலாம். முழு ஓட்டத்தில் வரும்போது ஒன்-டூ உடலை நன்றாக நிறுத்தும். இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள்.

பிடித்த பந்தைக் கீழே, வயிற்றுப் பக்கம், ஒரு சாண் இறக்குவதை டிப் என்பார்கள். இறக்கவே கூடாது என்று இன்னும் சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தூரத்து ஷாட்டுக்கு அது சரியல்ல. டிப் இல்லாவிட்டால் காலின் விசையும் கையின் விசையும் சேராது, எல்லாப் பாரமும் தோளில் விழும். அந்த இறக்கத்திலிருந்து பந்து மேலே வரும்போது முழங்காலும் நிமிர வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். பந்து நெற்றிக்கு முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டால், கால் கொடுத்த விசை அங்கேயே செத்துவிடும். உயரமாகக் குதித்து உச்சியில் நிறுத்திப் போடும் ஷாட் கிட்டத்துக்கு நல்லது, 6.75 மீட்டருக்குச் சிறிய குதிப்பும் நிற்காத ஓட்டமும் போதும். பந்து உச்சிக்குச் சற்று முன்பே கையை விட்டுப் போகலாம்.

இப்போது கையைக் கிட்டத்தில் பார்ப்போம். பந்து உட்கார வேண்டியது விரல்களின் சதையில். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். கடைசியாகப் பந்தைத் தொடுவது ஆள்காட்டி விரல், அல்லது ஆள்காட்டியும் நடுவிரலும் சேர்ந்து. எது என்று உங்களுக்கே தெரிய வேண்டும். இன்னொரு கை பந்தின் பக்கத்தில் சும்மா ஒட்டியிருக்கும், தள்ளாது. பந்து போன பிறகு உறைந்து நின்று பாருங்கள்: ஷூட்டிங் கையின் முழங்கை கண்ணுக்கு மேலே, மணிக்கட்டு தளர்ந்து தொங்கி, விரல்கள் ரிம்மைப் பார்த்து. மற்றக் கையின் உள்ளங்கை இன்னும் பக்கவாட்டைப் பார்த்திருக்க வேண்டும். அது ரிம்மைப் பார்த்துத் திரும்பியிருந்தால் கட்டைவிரல் தள்ளியிருக்கிறது என்று பொருள்.

ஒரு டிகிரி கோணல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. பந்து ரிம்மின் பக்கவிளிம்பைத் தொடாமல் விழ, நடுவிலிருந்து 10 செ.மீ. வரைதான் விலகலாம். 6.75 மீட்டர் தூரத்தில் 1 டிகிரி விலகினாலே கிட்டத்தட்ட 12 செ.மீ. ஆகிவிடும். கட்டைவிரலின் ஒரு சின்னத் தள்ளல் அந்த ஒரு டிகிரியைக் கொடுத்துவிடும்.

தவறியதைப் படிக்கத் தெரிய வேண்டும்

விழவில்லை என்று எழுதிவைப்பதால் பயனில்லை. எங்கே விழவில்லை என்று எழுதுங்கள். நோட்டில் இடம் வாரியாக முன், பின், இடது, வலது என்று நான்கே குறி போதும்.

முன்விளிம்பில் இடித்தால் பெரும்பாலும் கால்தான் காரணம். களைப்பில் முதலில் போவது முழங்காலின் மடக்கு. அல்லது போடும்போது பின்னால் சாய்ந்திருப்பீர்கள். குதித்த இடத்திலோ அதற்குக் கொஞ்சம் முன்னாலோ இறங்குகிறீர்களா என்று தரையில் சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள். பின்விளிம்பில் இடிப்பது அவ்வளவு கவலைக்குரியதல்ல: நேர் சரியாக இருக்கிறது, கொஞ்சம் உயர்த்தினால் விழும்.

இடது வலதாகச் சிதறுவதுதான் உண்மையான சிக்கல். அப்போது பந்தின் சுழற்சியைக் கவனியுங்கள். பந்தின் கருப்புக் கோடுகள் உங்களை நோக்கிச் சீராகப் பின்னால் உருண்டால் கை சுத்தம். கோடுகள் சாய்வாகச் சுற்றினால் கட்டைவிரலோ, வெளியே விரிந்த முழங்கையோ குறுக்கே வருகிறது. சுழற்சி சுத்தமாக இருந்தும் பந்து இடது வலதாகப் போனால் கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். பாதம் ஒவ்வொரு தடவையும் வேறு கோணத்தில் ஊன்றுகிறது. பின்சுழற்சி வேறொரு உதவியும் செய்யும். ரிம்மில் பட்ட பந்தின் முன்வேகத்தை அது குறைப்பதால், உரசிய ஷாட்டுகள் சிலவும் உள்ளேயே விழும்.

கண் எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ரிம்மின் பின்விளிம்பு, அல்லது உங்களுக்கு எதிரே தெரியும் நெட் கொக்கி, எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றை முடிவுசெய்து மாற்றாமல் வைத்திருங்கள்; பறக்கும் பந்தைக் கண்ணால் துரத்த வேண்டாம்.

பயிற்சி நேரம்

கோட்டுக்கு வெளியே நேராகப் போய்த் தொடங்குவது கெட்ட பழக்கம். கூடைக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று ஒற்றைக் கையால் 25 விழும் வரை போடுங்கள். ரிம்மைத் தொட்டு விழுந்தவை கணக்கில் வேண்டாம். பிறகு இரண்டு மீட்டர், மூன்று மீட்டர், இரண்டு கையோடு. பிறகு பத்து ஃப்ரீ த்ரோ, அதாவது கூடைக்கு எதிரே உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று தடுப்பில்லாமல் போடும் ஷாட். இதற்கு இருபது நிமிடம் ஆகும்.

அதன் பின் ஐந்து இடங்கள்: இரண்டு கார்னர், கூடைக்கு நேரெதிரே டாப், கார்னருக்கும் டாப்புக்கும் இடையே இரண்டு விங். இடத்துக்குப் பத்து, மொத்தம் 50. பாஸ் கொடுக்க ஆள் இருந்தால் நல்லது. தனியாக இருந்தால் பந்தைப் பின்சுழற்சியோடு முன்னால் வீசி, அது துள்ளி உங்களிடம் வரும்போது ஹாப் போட்டுப் பிடித்துப் போடுங்கள். கையிலேயே வைத்துக்கொண்டு நின்று நிதானமாகப் போடும் ஷாட் ஆட்டத்தில் ஒருபோதும் வராது. யாரும் தடுக்காத இந்த 50-ல் ஒவ்வொரு நாளும் குறைந்தது 25 விழ வேண்டும். டிஃபென்டர், அதாவது தடுக்கும் எதிரணி வீரர், வந்தால் இந்த எண்ணிக்கை நிச்சயம் குறையும். 20-க்குக் கீழே இருந்தால் ஒரு அடி உள்ளே வாருங்கள். கோட்டுக்காக ஷாட் போடும் முறையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது பகுதி ஓட்டம். கார்னரில் போட்டுவிட்டு விங்குக்கு ஓடி அடுத்தது. டாப்பில் போட்டுவிட்டு அரைக்கோட்டைத் தொட்டு வந்து அடுத்தது. மூச்சு வாங்கும்போது 30 ஷாட். கடைசியாகப் பத்து ஃப்ரீ த்ரோ, அதே களைப்பில். ஒரு நாளைக்கு 200 முதல் 250 ஷாட், வாரத்துக்கு நான்கு நாள் போதும். முழங்காலுக்குக் கீழே சுருக்கென்று வலி வந்தால் அன்று குதிப்பதை நிறுத்திவிட்டு ஒரு மீட்டர் பயிற்சியோடு முடித்துக்கொள்ளுங்கள்; சிமென்ட் தரையில் இது விரைவில் வரும்.

சிறுவர் சிறுமியர் மூன்று புள்ளிக் கோட்டில் நின்று பழக வேண்டாம். பலம் போதாத உடம்பு பந்தைத் தோளிலிருந்தோ இடுப்பிலிருந்தோ வீசக் கற்றுக்கொள்ளும். ஸ்டெஃபன் கர்ரியே பள்ளிக்காலத்தில் தாழ்வாகப் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு கோடை விடுமுறை முழுவதும் தந்தை டெல் கர்ரியோடு நின்று ஷாட்டை உயர்த்தி மாற்றிக்கொண்டார். அந்த மாற்றம் அவரை எவ்வளவு வாட்டியது என்பதை இருவருமே சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே சரியாகக் கற்பது எளிது.

ஆட்டத்தில் இடம் பிடிப்பது

2016 டிசம்பரில் இந்தியானா அணிக்கு எதிரான என்.பி.ஏ. ஆட்டத்தில் க்ளே தாம்சன் 29 நிமிடங்களில் 60 புள்ளி எடுத்தார். அந்த முழு ஆட்டத்திலும் அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறை. பந்தைக் கையில் வைத்திராமலேயே அவ்வளவு எடுக்க முடிந்ததென்றால், மற்ற நேரமெல்லாம் அவர் ஓடிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். ஷூட்டரின் ஆட்டம் ஓட்டம்தான்.

சக வீரர் உங்கள் டிஃபென்டரின் வழியை மறித்து நிற்பது ஸ்க்ரீன். அதைப் பயன்படுத்தும்போது முதலில் டிஃபென்டரை மெதுவாகக் கூடைப் பக்கம் நடத்திச் செல்லுங்கள். பிறகு திடீரென்று வேகம். ஸ்க்ரீன் நிற்பவரின் தோளை உங்கள் தோள் உரச வேண்டும். நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டால் ஸ்க்ரீன் வீண். டிஃபென்டர் உங்கள் முதுகைத் துரத்தி வந்தால் ஸ்க்ரீனைச் சுற்றிக் கூடைப் பக்கம் வளையுங்கள். அவர் ஸ்க்ரீனுக்கு உள்பக்கமாகக் குறுக்கு வழியில் போனால் நீங்கள் எதிர்த்திசையில், கார்னர் பக்கம் ஒதுங்குங்கள். பந்தை எதிர்பார்த்து ஓடாதீர்கள், டிஃபென்டரைப் பார்த்து ஓடுங்கள்.

ஸ்க்ரீன் இல்லாமலும் ஷாட் கிடைக்கும். சக வீரர் பந்தைத் தரையில் தட்டியபடி (ட்ரிபிள்) உள்ளே நுழையும்போது உங்கள் டிஃபென்டரின் தலை கட்டாயம் பந்துப் பக்கம் திரும்பும். அந்த நொடியில் கோட்டை ஒட்டி இரண்டு, மூன்று அடி நகருங்கள், பந்து வைத்திருப்பவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு. நின்ற இடத்திலேயே நின்றால் டிஃபென்டர் திரும்பிப் பார்க்காமலே உங்களிடம் வந்துவிடுவார். தவறிய ஷாட்டை உங்கள் அணியே மறுபடி பிடிக்கும் (ரீபவுண்டு) கணமும் அப்படித்தான். எல்லா டிஃபென்டரும் உள்ளே குவிந்திருப்பார்கள், வெளியே ஓடுபவருக்கு யாரும் இல்லை.

2013 என்.பி.ஏ. இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம் இதற்கு நல்ல பாடம். மயாமி மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. அந்த அணியின் கிறிஸ் பாஷ் ரீபவுண்டை எடுத்தபோது சக வீரர் ரே ஆலன் கூடைக்குப் பக்கத்தில் இருந்தார். ரிம்மைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வலது கார்னருக்குப் போய், பாஸை வாங்கி, 5.2 நொடி மிச்சமிருக்கும்போது சமன் செய்தார். தரையில் படுத்திருந்து துள்ளி எழுந்து, கார்னருக்குப் பின்னோக்கி ஓடி, கீழே பார்க்காமல் பிடித்துப் போடுவதை அவர் வருடக்கணக்கில் பயிற்சியாகவே செய்துவந்தவர்.

கார்னர் கோட்டுக்கும் பக்கக்கோட்டுக்கும் நடுவே இருப்பது 90 செ.மீ. மட்டும். ஷூவின் நீளம் 30 செ.மீ., ஒரு கால் அரைப் பாதம் முன்னால் என்றால், முன்னும் பின்னும் சேர்த்து உங்களுக்கு மிஞ்சுவது 45 செ.மீ. முன்காலின் நுனி கோட்டைத் தொட்டாலும் இரண்டு புள்ளிதான். பின்காலின் குதிகால் பக்கக்கோட்டில் பட்டால் பந்து எதிரணிக்கு. குதிக்கும்போது வெளியே இருந்தால் போதும், இறங்குவது உள்ளே என்றாலும் மூன்று புள்ளி உண்டு. ஆகவே கார்னரில் குனிந்து கோட்டைப் பார்க்காமல் காலை வைக்கத் தனியாகப் பழகுங்கள்: கூடைக்கு அடியிலிருந்து பின்னோக்கி ஐந்தாறு எட்டு வைத்து, ஊன்றியதும் அப்படியே நின்று, பிறகு குனிந்து பாருங்கள்.

டிஃபென்டர் கையை உயர்த்திக்கொண்டு பாய்ந்து வந்தால் பம்ப் ஃபேக், அதாவது போடுவது போலப் பாவனை. பந்தும் கண்ணும் மேலே போகட்டும், முழங்கால் மடங்கியே இருக்கட்டும். அவர் காற்றில் தாண்டிப் போனதும் பக்கவாட்டில் ஒரே ஒரு ட்ரிபிள், மறுபடி கோட்டுக்கு வெளியே. ஷாட் போடும்போது அவர் உங்கள் மேல் மோதினாலோ, இறங்கும் இடத்தில் காலை நீட்டினாலோ, ஷாட் விழாவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ கிடைக்கும். மூன்றையும் போடத் தெரியாத ஷூட்டரை எதிரணி தைரியமாகத் தள்ளும். கர்ரி ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பதும், ரே ஆலன் அதற்கு மிக அருகில் நின்றதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

விழாத நாள்

நூறில் 40 போடுபவருக்கும் தொடர்ந்து ஐந்து தவறுவது சாதாரணம். தவறியவை முன், பின் என்றால் போட்டுக்கொண்டே இருங்கள். முன்னால் இடித்தால் காலை இன்னும் ஆழமாக மடக்குங்கள், பின்னால் இடித்தால் கொஞ்சம் உயர்த்துங்கள். இடது வலது என்றால் அடுத்த விசிலில் பாதம் எப்படி ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள், அடுத்த ஷாட்டை கார்னரில் எடுங்கள், தூரம் அங்கே குறைவு. ஷாட் போட மறுத்து வெறுமனே பாஸ் கொடுக்கத் தொடங்கினால் உங்கள் டிஃபென்டர் உள்ளே போய்விடுவார், அணிக்கே இடம் சுருங்கிவிடும். கூடைக்கு மிக அருகே போய்ப் போடும் ஒரு லேஅப்போ ஃப்ரீ த்ரோவோ போட்டுப் பந்து நெட்டில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வெளியே வருவது உதவும். இடைவேளையில் ஷாட்டைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம்: கூடைக்கு ஒரு மீட்டர் முன்னால் ஒற்றைக் கையால் பத்து, கார்னரிலிருந்து ஐந்து, அதோடு பெஞ்சுக்குப் போய்த் தண்ணீர் குடியுங்கள்.